சப்பாணிக்கு அவுட் கிடையாது

ஒரு வருஷமாகச் சேலத்துப் புழுக்கத்தில் பீரோவின் மேல் கிடந்த பெட்டிக்குள் ஈரம் எப்படி வந்தது என்று சிவரஞ்சனிக்குப் புரியவில்லை. காலையில் புறப்படும்போது திறந்து பார்த்தாள், எல்லாம் அப்பளம் போல உலர்ந்திருந்தது. பஸ்ஸில் மடியை விட்டு இறக்கவில்லை. இப்போது ஏற்காட்டில், கிளியூர்ப் பாதையில் இருக்கும் அமலியின் வீட்டு முன்னறையில், மேஜை மேல் வைத்துத் தகர மூடியைத் தூக்கினால், உள்ளே தாள்களின் ஓரம் ஊறி, மை கரைந்து, அடியில் ஒரு ஸ்பூன் அளவுக்குத் தண்ணீர் தேங்கி நின்றது. மக்கிய இலை வாசனை எழுந்தது. அதற்கும் அடியில், மெல்லிசாக, பெட்ரோல்.

“மூட்டமுங்கக்கா,” என்றாள் அமலி, கைத்துண்டால் தாள்களை ஒற்றியபடி. “கார்த்திகை மாசம் இங்க உப்பு ஜாடியே தண்ணியாப் போயிருது.”

இருக்கலாம். ஜன்னலுக்கு வெளியே பகல் இரண்டு மணிக்கே உலகம் இல்லை. சில்வர் ஓக் மரங்கள் நின்ற இடத்திலிருந்து சொட்டுச் சொட்டாக விழும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. காப்பிப் பழத்தோல் புளிக்கும் நெடி கதவிடுக்கில் நுழைந்து, அறைக்குள் எரிந்த மெழுகு வாசனையோடு கலந்து, தொண்டையில் ஒட்டியது.

பெட்டி அவளுடைய தம்பி பிரபாகருடையது. எட்டு வயது இளையவன். அதற்குள் அவன் எழுதிய கதைகளும் இருபது பக்கம் உள்ள பகடைகளும் இருந்தன. இந்த ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, ‘நான் கதவைத் திறக்கிறேன்’, ‘நான் ஓடுகிறேன்’ என்று சொல்ல, முடியுமா முடியாதா என்பதைப் பகடை தீர்மானிக்கும். அவ்வளவுதான். சின்ன வயதில் சொப்பு வைத்து விளையாடியதற்கு மீசை முளைத்தால் எப்படியோ அப்படி.

பிரபாகருக்கு அதில் பைத்தியம். ஏற்காட்டில் ஒரு ஓட்டலில் வரவேற்பு மேஜை வேலை பார்த்துக்கொண்டே, ஞாயிறுதோறும் ஆட்டம் நடத்தினான். ஆனால் சம்பாதிக்கிற மனிதர்கள் நாலு பேரை ஒரே மேஜையில் உட்கார வைப்பதைவிடக் கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்ப்பது சுலபம். ஒருத்தருக்கு ஷிப்ட், ஒருத்தருக்கு மாமியார், ஒருத்தருக்குப் பிள்ளையின் பரீட்சை. அதனால் அவன் ஒருநாள் ஆட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தான். இரண்டு மணிக்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடிந்துவிடும் கதை. அடுத்த வாரம் என்ற பேச்சே கிடையாது. ஆறரைக்குச் சேலம் பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.

ஊரெல்லாம் வந்து விளையாடியது. ஆனால் அந்த ஆறரை மணிக் கணக்கு சிவரஞ்சனி ஒருத்திக்காகத்தான் போடப்பட்டது. அவள் சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் டயாலிசிஸ் நர்ஸ், இரண்டு பிள்ளைகள், தலைக்கு மேல் வேலை. ஆறு முறை பெயர் கொடுத்தாள். ஆறு முறையும் கேன்சல் பண்ணினாள். அவன் கோபித்துக்கொள்ளவே இல்லை. ஏழாவது முறை அவனே போன் பண்ணினான். “நீ மேல வர வேண்டாங்க்கா. நானே பெட்டியோட கீழ வர்றேன். உன்ற ஊட்டுலயே வெளையாடலாம்.”

போன வருஷம் கார்த்திகை, இதே போல ஒரு ஞாயிறு, மாலை ஐந்து மணிக்கு அவள் செய்தி அனுப்பினாள். ‘இன்னைக்கு வேண்டாம் கண்ணு. டூட்டி மாத்திட்டாங்க. அடுத்த ஞாயிறு பாக்கலாம்.’ ஒற்றை டிக் விழுந்தது. மலையில் சிக்னல் அப்படித்தான், எப்படியும் பார்த்திருப்பான், மேலேயே இருந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டு இராத்திரி முழுக்க அடுத்தவர்களின் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். அவன் அந்நேரம் மலைப்பாதையின் பதினான்காவது கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே, புதருக்குள், வண்டி தொடைகள் மேல் கிடக்க, பெட்டியைக் கட்டிக்கொண்டு கிடந்தான். காலையில் காய்கறி ஜீப்காரர்தான் பார்த்தார். உயிர் போனது விடியற்காலையில் என்று டாக்டர் சொன்னார். ஒரு நர்ஸுக்கு அந்த இராத்திரியின் ஒவ்வொரு மணி நேரமும் என்னவாக இருந்திருக்கும் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. அவள் அதைத் தினமும் விளக்கிக்கொண்டாள்.

தலைத் திவசம் போன வாரம் முடிந்தது. உறவுக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அவன் விட்டுப்போன ஆட்டத்தை இப்போது நடத்துகிற அமலி, பள்ளிக்கூட டீச்சர், அன்று மாலை செய்தி அனுப்பியிருந்தாள். ‘அவரு கடைசியா எழுதுன கதை உங்க பெட்டியிலதான் இருக்கோணும்க்கா. உங்களுக்குன்னு எழுதுனதுங்க. ஒரு நாள் வாங்க. ஒரே நாள்.’ சிவரஞ்சனி இரண்டு நைட் டூட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு இந்த ஞாயிற்றுக்கிழமையை வாங்கினாள். செத்த தம்பிக்கு அவளால் கொடுக்க முடிந்தது நாலு மணி நேரம்.

மேஜையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள், இருவரும் பிரபாகரோடு விளையாடினவர்கள். ஒருவர் தேவசிகாமணி, காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர், ஐம்பதைத் தாண்டியவர், பகடையை உருட்டும் முன் உள்ளங்கையில் ஊதுகிறவர். இன்னொருவன் மேக்ஸ்வெல், பஜாரில் பேக்கரி வைத்திருப்பவன். நான்காவதாக வரவேண்டிய இளவரசியிடமிருந்து இரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது செய்தி வந்தது. மாமியாருக்கு உடம்பு முடியவில்லையாம்.

அமலி ஈரத் தாளைப் பிடித்துப் படித்தாள். கதை எளிமையானது. நாலு பேர் ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு மூட்டத்துக்குள் மலை ஏறி, உச்சியில் இருக்கும் குகைக்குப் போக வேண்டும். வழியில் ஏழு இடங்களில் மூட்டம் ஓர் ஆளைக் கேட்கும். அப்போது எல்லோரும் பகடை உருட்ட வேண்டும். “மூணு பேரோட ஏறக் கூடாதுன்னு அடிக்கோடு போட்டு எழுதியிருக்காருங்க.”

“அதுக்கென்னங்க,” என்றான் மேக்ஸ்வெல். “ஒப்புக்குச் சப்பாணி ஒண்ணு சேத்துக்கலாம்.”

சிவரஞ்சனி சிரித்துவிட்டாள். ஒரு வருஷத்தில் முதல் சிரிப்பு. தெருவில் விளையாடி வளர்ந்த யாருக்கும் அந்த வார்த்தை தெரியும். விளையாடத் தெரியாத பொடிசு அழுதால், அதையும் பேருக்குச் சேர்த்துக்கொள்வார்கள். அது ஓடலாம், ஒளியலாம், தொட்டால் மட்டும் கணக்கில்லை. அம்மாபேட்டைத் தெருவில் அவள் எங்கே போனாலும் பாவாடையைப் பிடித்துக்கொண்டு வந்த சப்பாணி பிரபாகர்தான். யாராவது அவனைத் தொட்டுவிட்டால் ஓடி வந்து அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு, “நான் அவுட்டாக்கா?” என்பான். உதடு பிதுங்கியிருக்கும். “இல்ல சாமி, சப்பாணிக்கு ஏது அவுட்டு,” என்பாள். உடனே முகம் மலர்ந்துவிடும். ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்டிருப்பான்.

“பேரு வெக்கோணுமேங்க்கா,” என்றாள் அமலி, நான்காவது தாளில் பேனாவை வைத்துக்கொண்டு.

“பிரபாகர்னு எழுதுங்க.”

தேவசிகாமணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “அம்மிணி, ஏறுற கதைங்க இது. வழியில ஆரு வேணா சாவாங்க. ஒருநாள் ஆட்டத்துல ஆரையும் பத்திரமா வெச்சுக்க மாட்டாங்க. அதுல போயி…”

“அதுக்குத்தானுங்க சப்பாணி. சப்பாணிக்கு அவுட் கிடையாது.” குரல் உடைந்தது. உடைந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாள். இந்தப் பூமியில் ஒரு மேஜை மேலாவது அவன் சாக முடியாதவனாக நாலு மணி நேரம் இருக்கட்டும். அதைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அமலி எழுதினாள். “கூட்டிட்டு வந்தவங்கதான் பொறுப்புங்கக்கா. அவன் வெளிய போகோணும்னாலும் நீங்கதான் சொல்லோணும்.” பிறகு வழக்கம் போல் போனில் ஆறு மணிக்கு அலாரம் வைத்தாள். “மணி அடிச்சா முடிஞ்சுதுங்க. சொன்னது சொன்னதுதான். திருத்தறதுக்கு அடுத்த வாரம் கெடையாது.”

ஆட்டம் தொடங்கியது. சப்பாணிக்குக் கை இல்லாததால் அவனுக்காக அமலியே உருட்டினாள். முதல் இடத்தில் பதினான்கு விழுந்தது. சிவரஞ்சனி அந்த எண்ணைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காலையில் பஸ்ஸில் வரும்போதும் அந்த வளைவில் அவள் கண்ணைத் திறக்கவில்லை. எண்தானே, இருபதில் ஒன்று என்று சொல்லிக்கொண்டாள். அதற்குப் பிறகு அரை மணி நேரம் நன்றாகவே போனது. தேவசிகாமணி எடுத்துக்கொண்ட பூசாரி விளக்குக்கு எண்ணெய் தேடி ஒரு பாட்டியிடம் ஏச்சு வாங்கினார். மேக்ஸ்வெல்லின் திருடன் செருப்பைத் தொலைத்தான். ஈரத் தாளில் தம்பியின் கையெழுத்து சாய்ந்து சாய்ந்து போவதைப் பார்த்துக்கொண்டே, இந்த வரியை எழுதும்போது என்ன சட்டை போட்டிருந்திருப்பான் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது இடம். சப்பாணிக்குப் பதினைந்து.

மூன்றாவதில் பதினாறு விழுந்தபோது மேக்ஸ்வெல் விசிலடித்தான். “பாருங்க, வரிசையா வருது. படி ஏறுற மாதிரி.”

சொன்ன பிறகு அவனுக்கே அது பிடிக்கவில்லை போலிருந்தது, டீ கிளாஸை எடுத்து வாயில் வைத்துக்கொண்டான். சிவரஞ்சனி மேஜைக்கடியில் விரல் விட்டு எண்ணினாள். அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் மஞ்சள் பலகையில் எண் போட்டிருக்கும். பகடையிலும் இருபது பக்கம். பதினான்கு, பதினைந்து, பதினாறு. அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவார்கள்.

நான்காவது இடத்தில் அமலி பகடையை இரண்டு கையாலும் மூடி வெகுநேரம் குலுக்கினாள். மேஜையின் அந்தக் கோடி வரை ஓடி, மரக்கணுவில் இடறி, சுற்றிச் சுற்றி, சோம்பேறித்தனமாக விழுந்தது. பதினேழு. அறையில் பெட்ரோல் வாசனை இப்போது பெட்டியிலிருந்து வரவில்லை, கதவுப் பக்கமிருந்து வந்தது.

“வேற பகடை எடுங்க டீச்சர்,” என்றார் தேவசிகாமணி.

வேறு எடுத்தார்கள். சிவப்பு நிறம், மேக்ஸ்வெல்லின் சொந்தப் பகடை, அவன் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. ஐந்தாவது இடம். அவனே உருட்டினான்.

பதினெட்டு.

மேக்ஸ்வெல் கையை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டான். அந்த அமைதியில்தான் முதல் முறையாக அது கேட்டது. ஓடை மாதிரி அல்ல, காற்று மாதிரி அல்ல. தூரத்தில், ரோட்டின் கீழ்ப்பக்கம், ஈர மூட்டையைத் தார் மேல் இழுத்தால் வருகிற சத்தம். கொஞ்சம் இழுபடும். நிற்கும். மூச்சு வாங்குகிற நேரம் அளவுக்கு நிற்கும். மறுபடி இழுபடும்.

அப்போதுதான் அவளுக்கு அந்த வார்த்தையின் அர்த்தம் உறைத்தது. சப்பாணி. விளையாடும்போது யாரும் அதை நினைப்பதில்லை. சப்பாணி என்றால் நடக்க முடியாதவன். கையை ஊன்றி, உடம்பைத் தரையோடு இழுத்துக்கொண்டு போகிறவன். தொடை இரண்டும் போன பிள்ளைக்கு அந்தப் பெயரைத் தன் வாயால் வைத்தவள் அவள்.

“போதுமுங்க,” என்றார் தேவசிகாமணி. முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. “ஏனுங்க டீச்சர், எனக்கு நொம்ப மனசு சரியில்லீங்க. இதோட நிறுத்திக்கலாம்.”

அமலி ஒத்துக்கொண்டவளாகத் தாளை மடக்கப் போனாள். சிவரஞ்சனி அவள் கையைப் பிடித்தாள்.

“நான் கேன்சல் பண்ண மாட்டேன்.”

“அக்கா, வெளிய அது என்னன்னு தெரியாம…”

“எனக்குத் தெரியும். ஆறு தடவ பண்ணிட்டேன். ஏழாவது தடவையும் பண்ணினேன். இனி பண்ண மாட்டேன்.” கண்ணும் கண்ணீருமாக இருந்தாள், ஆனால் கை நிலையாக இருந்தது. ஊசி போடுகிற கை அது. பகடையை எடுத்து அவளே உருட்டினாள்.

பத்தொன்பது.

சத்தம் பக்கத்தில் வந்துவிட்டது. இப்போது கைகள் தனியாகக் கேட்டன. ஒன்று. இன்னொன்று. பிறகு இழுப்பு. மேக்ஸ்வெல் எழுந்து பின்கட்டுக்குப் போனான். தேவசிகாமணி அவன் பின்னால் போனார். அமலி மட்டும் சுவரோடு ஒட்டி நின்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். மணி ஆறடிக்க மூன்று நிமிஷம்.

சிவரஞ்சனி உருட்டினாள். பார்க்கக்கூட இல்லை. பார்க்கத் தேவையில்லை.

கேட் திறந்தது. வாசல் படி மூன்று. ஒன்று. நீண்ட நேரம் ஒன்றும் இல்லை. இரண்டு. மூன்று.

கதவின் அடிப்பக்கம், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், நகம் உரசியது.

“திறக்காதீங்கக்கா.”

திறந்தாள். எதிரே யாரும் இல்லை. வெள்ளை மூட்டம் மட்டும். பிறகு கீழே பார்த்தாள்.

அதே நீலச் சட்டை. இலையும் மண்ணும் ஒட்டிய முடி. முழங்கை இரண்டிலும் துணி இல்லை, தோல் இல்லை. இடுப்புக்குக் கீழே அவள் பார்க்கவில்லை. ஒரு கை நீண்டு அவள் பாதத்தைத் தொட்டது. குளிர்.

மண்டியிட்டாள். பழக்கம் அது, யோசிக்காமல் இரண்டு விரல் அவன் கழுத்துக்குப் போனது. ஒன்றும் இருக்காது என்று தெரிந்துதான் போனது.

நாடி ஓடிக்கொண்டிருந்தது.

மெல்லிசாக, வேகமாக, ரத்தம் வற்றுகிறவனுக்கு ஓடுகிற மாதிரி. இவன் செத்துத் திரும்பி வந்தவன் இல்லை. இவன் சாகவே இல்லை. நாலு மணி நேரத்துக்கு முன்னால் அவள் சொன்ன சொல் ஒரு வருஷம் பின்னால் போய், அந்த விடியற்காலையில் அவனைச் சாக விடாமல் பிடித்துக்கொண்டுவிட்டது. அந்த இராத்திரி விடியவே இல்லை அவனுக்கு. வெயில், மழை, மறுபடி மூட்டம். அத்தனை நாளும் அந்த வளைவுக்குக் கீழே. வலியோடு. நினைவோடு.

உதடு அசைந்தது. இரண்டு முறை சத்தம் வரவில்லை. மூன்றாம் முறை வந்தது.

“நான் அவுட்டாக்கா?”

கெஞ்சினான். உதடு பிதுங்கியிருந்தது. எந்தப் பதிலுக்காக இருபதாவது வளைவு வரை இழுத்துக்கொண்டு வந்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆமா. ஒரு சொல். ஆமா கண்ணு, நீ அவுட்டு, போய்த் தூங்கு. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அவன் முகம் அவள் கைக்குள் இருந்தது, ஒரு வருஷம் கழித்து, உயிரோடு. பெற்றவளைவிட அதிகம் தூக்கிச் சுமந்த கை அது. அந்தக் கேள்விக்கு அவள் நாக்குக்கு ஒரே ஒரு பதில்தான் தெரியும்.

“இல்ல சாமி,” என்றாள்.

மேஜை மேல் அலாரம் அடித்தது. ஆறு மணி.

“இல்ல, இல்ல. அவுட்டு. நீ அவுட்டு கண்ணு. அவுட்டு. அமலி, எழுதுங்க, அவன் அவுட்டுன்னு எழுதுங்க.”

அமலி அழுதுகொண்டே பேனாவை எடுத்தாள். ஈரத் தாளில் மை நிற்கவில்லை.

பிரபாகர் அக்காவின் மடியில் தலையை வைத்துக்கொண்டான். சின்ன வயதிலும் அக்கா சொன்னால் எதிர்த்துப் பேசாத பிள்ளை. கண் மட்டும் மூடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அவுட்டு, அவுட்டு என்று அவன் காதுக்குள் சொல்லிக்கொண்டேயிருந்தாள், சேலம் பஸ் ஹாரன் அடித்துப் போன பிறகும் சொன்னாள். அவளுடைய இரண்டு விரலுக்கு அடியில், நாடி, முன்பைவிடக் கொஞ்சம் பலமாக, ஓட ஆரம்பித்திருந்தது.